பிறை கீறிய தகரப் பெட்டி

தபால்தலை சேகரிப்பவரை ஊரார் மதிக்கின்றனர். பழங்காசு சேகரிப்பவரை வியந்து நோக்குகின்றனர். பழைய பட்டாளத்துச் சாமான்களைச் சேகரிக்கிறேன் என்று சொன்னாலோ, சொன்னவனை ஏற இறங்கப் பார்க்கின்றனர். "அதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய சாமான் அல்லவா?" என்று என்னைக் கேட்ட உறவினர் பலர். அவற்றுள் பாதி அந்தக் கடையிலிருந்து வந்தவையே ஆதலால் நானும் மறுத்துரைப்பதில்லை.

இலஞ்சியில் என் வீட்டு மாடியறையில் ஒரு மரப் பீரோ நிற்கிறது. அதன் மேல்தட்டு முழுவதும் போர்க்காலத்துச் சிப்பாய் தன் உடம்பில் கட்டிச் சுமந்த பொருள்கள். தோளில் மாட்டும் கித்தான் வார்கள், பித்தளைக் கொக்கிகள், கம்பளித் துணி போர்த்திய தண்ணீர்க் குப்பி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சோற்றுத் தகரப் பெட்டிகள், மடக்குக் கத்தி, திசைகாட்டி. கீழ்த்தட்டில் சாதாரண மனிதன் தன் சட்டைப் பையிலும் மடியிலும் வைத்துத் திரிந்த சின்னஞ்சிறு பொருள்கள். சுண்ணாம்பு டப்பி, பேனாக்கத்தி, அத்தர்க் குப்பி, சுர்மாச் செப்பு, சாவி கொடுக்கும் கடிகாரம் ஆகியன. ஆயுதம் ஒன்றுகூட இல்லை. துப்பாக்கிச் சனியனையும் தோட்டாவையும் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எண்ணித் தவிர்த்தேன் என்பது ஒரு பாதி. மறு பாதி, கொல்லும் பொருளைக் காட்டிலும் மனிதன் உண்ணவும் குடிக்கவும் வழி காணவும் வைத்திருந்த பொருளே அவனைப் பற்றி அதிகம் பேசும் என்ற என் எண்ணம்.

கீழ்த்தட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே முதலிடம் பெறுவது ஓர் அகன்ற பச்சை பெல்ட். நம் வீடுகளில் அதைக் காணாதவர் இருக்க முடியாது. கைலிக்கு மேல் இறுக்கி, அமுக்குப் பொத்தான் வைத்த பைகளில் பணமும் சாவியும் கடைச் சீட்டும் திணித்து, நம் பாட்டனார்கள் பினாங்கு வரையிலும் சிங்கப்பூர் வரையிலும் கட்டிக்கொண்டு போய்வந்த பெல்ட் அது. என் பாட்டனாரின் பெல்ட்டையும், சிப்பாய்களின் கித்தான் இடைவாரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை. கைகள் இரண்டும் வேலைக்கு விடுபட்டிருக்க வேண்டும். தேவையானது யாவும் இடுப்பில் இருக்க வேண்டும். கப்பலில் உறங்கினாலும் காட்டில் உறங்கினாலும் அது உடம்பை விட்டு நீங்கலாகாது. வணிகனின் பையில் ரொக்கம் இருந்தது, சிப்பாயின் பையில் ரவை இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

சிப்பாயின் அந்த வாருக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் சேனையில் அதை 1937 ஆம் ஆண்டு மாதிரி என்பர். அதற்கு முன்னர் 1908 ஆம் ஆண்டு மாதிரி என்று ஒன்று இருந்தது. தோல் வார் மழையில் ஊறி, வெயிலில் வெடித்துப் பயனற்றுப் போவதால், பருத்தி நூலைக் கெட்டியாக நெய்து வார் செய்யும் முறை வந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சேனையில் சேர்ந்தோர் தொகை ஏறத்தாழ 25 இலட்சம். அத்தனை பேருக்கும் சீமையிலிருந்து கப்பலில் வார் அனுப்ப இயலாதன்றோ? இந்தியாவிலேயே அவை பெருமளவில் நெய்யப்பட்டன. இங்கே செய்த பொருள்களில் அகன்ற அம்புக்குறியும், அதனருகே இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் பொறித்திருப்பர். அம்புக்குறி சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளம். அச்சொத்தை முறைப்படி விற்றுக் கழித்தால், முனையோடு முனை தொடும்படி எதிரில் இன்னோர் அம்பைப் பொறிப்பது வழக்கம். பார்ப்பதற்கு ஒரு நட்சத்திரம்போல் இருக்கும். நாடெங்கும் மூட்டை மூட்டையாக ஏலம் போன போருக்குப் பிந்தைய சாமான்களில் இந்த இரண்டாம் அம்பைக் காண்பது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தகைய சாமான்களை ‘டிஸ்போசல் சாமான்’ என்று அக்காலத்தார் அழைத்தனர். சென்னையில் 1985 இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் அவற்றைத் துழாவியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் என் பீரோவுக்குள் நுழைந்த முதற்பொருள் சென்னையிலிருந்து வரவில்லை, சிங்கப்பூரிலிருந்து வந்தது.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. தஞ்சோங் பகார் என்ற பெயர் எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களுக்குச் செங்கோட்டையைப் போல் பழக்கமானது. அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாய்மாமா 1972 இல் ‘ரஜூலா’ கப்பலில் ஊர் திரும்பியபோது, தகரப் பெட்டியொன்றை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வாங்கிய இடம் சுங்கை ரோடு. பழைய பொருள் விற்கும் சந்தை அது. ‘திருட்டுச் சந்தை’ என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு விலகிய அக்காலத்தில், பட்டாள உடைகளும் உபகரணங்களும் அங்கே தரையில் விரித்த துணிகளின் மேல் குவிந்து கிடந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த அச்சந்தை 2017 ஜூலை 10 ஆம் நாள் மூடப்பட்டது.

பெட்டி நீள்சதுர வடிவினது. மடக்குப் பிடி கொண்டது. சிப்பாய் அதிலேயே சமைக்கவும் அதிலேயே உண்ணவும் வேண்டும். இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக முதுகுப்பைக்குள் போகும். மாமா கொண்டுவந்தது உட்பெட்டி மட்டுமே. உம்மா அதில் பித்தான்களும் நூல்கண்டும் ஊசியும் போட்டுத் தையல் மெஷின் அருகே பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். புளியோ உப்போ வைக்காமல் பித்தான் வைத்தார்கள் என்பதற்காக நான் இன்றும் அவர்களுக்கு நன்றி கூறுகிறேன்; உப்பு வைத்திருந்தால் ஈயப் பூச்சும் தகரமும் இதற்குள் உதிர்ந்திருக்கும். உம்மா மர்ஹூமான பிறகு பித்தான்களைக் கொட்டிப் பெட்டியைத் துடைத்தபோதுதான், மடிப்புப் பிடியின் உட்பக்கத்தில் ஆணியாலோ கத்தி முனையாலோ கீறிய எழுத்துக்கள் கண்ணில் பட்டன. ‘சே. மு.’ என்று தமிழில் இரண்டெழுத்து. அதன் பக்கத்தில் ஒரு பிறை. அதற்குக் கீழே தேய்ந்துபோன எண்கள் சில.

இந்தியச் சேனையில் அக்காலத்தில் வழங்கிய மொழி, ரோமன் எழுத்தில் எழுதிய உருது. கட்டளையும் அதில்தான், பாடமும் அதில்தான். அதற்கு நடுவே ஒருவர் தம் சோற்றுப் பெட்டியில் தமிழில் பெயர் கீறி, பிறையையும் வரைந்திருக்கிறார். அதை வேறொருவர் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக மட்டுமா வரைந்தார்? மாற்றார் உணவு தம் பாத்திரத்தில் கலந்துவிடக்கூடாது என்ற பேணுதலுக்காகவும் இருக்கலாம். யூகத்துக்கு அளவில்லை, ஆனால் அவர் நம்மவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்பெட்டியைப் பற்றி நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஓய்வு பெற்ற அரபிப் பேராசிரியரான என் நண்பர் முகம் சுளித்தார். "வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனவனின் எச்சில் பாத்திரத்தைக் கண்ணாடிக்குள் வைக்கிறீர்களே! துருக்கிக் கிலாபத்தை எதிர்த்து மெசபொத்தேமியாவில் சுட்டதும் இந்தப் பட்டாளம்தானே?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

நான் அவருக்கு நினைவூட்டியது இன்னொரு செய்தியை. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரிலேயே ஐந்தாம் இலகு காலாட்படை கலகம் செய்தது. அப்படை முழுவதும் முஸ்லிம்கள். தங்களைத் துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி அவர்களிடையே பரவியிருந்தது. கலகம் அடக்கப்பட்டது. 47 பேர், அவுட்ரம் சிறைக்கு வெளியே பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த வாரும், தோளில் தொங்கிய தண்ணீர்க் குப்பியும் அதே சர்க்கார் அம்புக்குறி பொறித்தவையே. சரியாக 27 ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று, அதே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் சேனை ஜப்பானியரிடம் சரணடைந்தது. கைதானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தியர். அவர்களில் பல்லாயிரவர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரளாக வந்து சேர்ந்தனர். அவர்கள் அணிந்ததும் சுமந்ததும் பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற உடையும் தளவாடமுமே. ஆகவே என் பெட்டி, ஆங்கிலேயனுக்காகப் போரிட்டவரின் சோற்றையும் தாங்கியிருக்கலாம். அவனை எதிர்த்துப் போரிட்டவரின் சோற்றையும் தாங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே மனிதராகவும் இருக்கலாம். பாத்திரத்தைப் பார்த்து எப்படித் தீர்ப்புக் கூறுவது?

நண்பர் முழுமையாக ஏற்கவில்லை. "உங்கள் வாதம் இருக்கட்டும், தேநீர் ஆறுகிறது" என்றார். ஆனால் போகும்போது பெட்டியை ஒருமுறை கையில் வாங்கிப் பிறையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்குக் கவலை தருவது அவருடைய கேள்வியன்று. அந்தக் கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ வீடுகளில் இப்பொருள்கள் மறைந்துபோயின என்பதே. பட்டாளத்துக்குப் போன பாட்டனாரைப் பற்றிப் பேசினால் சிலருக்கு வெட்கம். அவர் எழுதிய கடிதங்கள், சம்பளப் புத்தகம், மார்பில் குத்திய பதக்கம் யாவும் பரணிலிருந்து நேரே பழைய பேப்பர்க்காரனின் தராசுக்குப் போகின்றன. வெள்ளிப் பதக்கத்தை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு செய்த வீடு எனக்குத் தெரியும். வறுமையில் செய்தார்கள், அதைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் அப்பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் படையின் பெயரும் பொறித்திருந்தன. உருக்கியபோது அந்த ஒரே சாட்சியும் உருகிப்போயிற்று.

இனித் திசைகாட்டிக்கு வருகிறேன். என் பொருள்களுள் அன்றாடம் பயன்படுவது இது ஒன்றே. இலண்டன் ‘டி. ஜி. கம்பெனி’ செய்த, மூன்றாம் மாதிரிப் பித்தளைத் திசைகாட்டி. உள்ளே திரவம், அதில் மிதக்கும் முத்துச்சிப்பித் தகட்டில் பாகைகள். மூடியிலுள்ள கோட்டைத் தொலைவிலுள்ள மரத்தோடோ கோபுரத்தோடோ பொருத்திப் பார்த்தால், கண்ணருகிலுள்ள முக்கோணக் கண்ணாடி அதே நேரத்தில் பாகையைக் காட்டும். சிப்பாய் பகைவனின் பீரங்கி இருக்கும் திசையை இதனால் அளந்தான். நான் கிப்லாவை அளக்கிறேன்.

தென்காசி வட்டாரத்திலிருந்து மக்கா நகரம் நேர் மேற்கில் இல்லை. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் ஏறத்தாழ 293 பாகையில், அதாவது நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்காகச் சாய்ந்து இருக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கத்தில் வேறுபாடு மிகச் சிறியது. பழைய பள்ளிகள் பல நேர் மேற்கு நோக்கியே கட்டப்பட்டிருப்பதைக் கண்டு இளைஞர்கள் சிலர் பதறுகின்றனர். பதற வேண்டியதில்லை, ஹனஃபி மத்ஹபில் திசையை முன்னோக்கினால் போதுமானது என்பதை ஆலிம்கள் விளக்குவார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் இதில் இன்னும் நுணுக்கம் பார்ப்பர். கருவியின் உண்மையைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கிறது: மே 28 ஆம் நாளையொட்டி, நம் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடத்தில், ஜூலை 16 ஆம் நாளையொட்டி, 2 மணி 57 நிமிடத்தில். அந்த வேளையில் செங்குத்தாக நட்ட கோலின் நிழலுக்கு நேரெதிர்த் திசையே கிப்லா. மே மாதத்தில் மாடியில் கோல் நட்டுச் சோதித்துவிடுவேன். ஜூலையில் குற்றாலத்துச் சாரல் மேகம் சூரியனைக் காட்டுவதேயில்லை.

இத்திசைகாட்டிகளை வாங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்வேன். போர்க்காலத்தவற்றில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் தீட்டியிருப்பர். ஒளி மங்கிவிட்டது என்று எண்ணி மூடியைக் கழற்றிச் சுரண்டக்கூடாது. மங்கியது அதனோடு சேர்ந்த ஒளிர்பொருளேயன்றி ரேடியம் அன்று. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் செல்லும். கண்ணாடி உடையாத வரையில் மூடி வைத்துப் பார்க்கலாம். குழந்தைகள் கையில் தரலாகாது. படுக்கையறையில் வைக்கவும் வேண்டாம். மற்றொன்று போலிகளைப் பற்றியது. ரூர்க்கி முதலான வடநாட்டுப் பட்டறைகளில் பழமை தோன்றும்படி புதிதாக வார்த்த பித்தளைத் திசைகாட்டிகள் ஏராளம். பழைய இலண்டன் கம்பெனியின் பெயரைப் பளிச்சென்று பெரிதாகப் பொறித்திருந்தால் ஐயுறுங்கள். உண்மைப் பட்டாளப் பொருளில் பெயரும் எண்ணும் ஆண்டும் அடக்கமாக இருக்கும். விளம்பரம் தேவைப்படாத பொருள் அது. ‘வெஸ்ட் எண்ட்’ கம்பெனியார் சிப்பாய்களிடையே விற்ற ‘சோவார்’ கைக்கடிகாரத்துக்கும் இதே கதி. சோவார் என்றால் குதிரை வீரன். இன்று அப்பெயரில் திரியும் கடிகாரங்களுள் பலவற்றின் முகப்பை நேற்றுத்தான் மறுவண்ணம் பூசியிருப்பர்.

எங்கள் ஊரில் இவற்றைக் காப்பது எளிதன்று. சுற்றுலாப் பயணிகளுக்குச் சாரல் இன்பம். எனக்கு மூன்று மாதப் போராட்டம். ஜூன் தொடங்கினால் தோலில் வெண்பூஞ்சை படரும், கித்தானில் கரும்புள்ளி விழும், தண்ணீர்க் குப்பியின் கம்பளி உறையைப் பூச்சி அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பொருளைப் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, இடையிடையே நிழலில் உலர்ந்த வேப்பிலை இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களை மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மாற்றுகிறேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும்படி வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். தேய்த்தால் அம்புக்குறியும் தேயும். அந்த யோசனையை ஒவ்வோராண்டும் மரியாதையுடன் மறுத்துவருகிறேன்.

ஓராண்டுக்கு முன்னர் பம்பாய் சோர் பஜாரோடு தொடர்புள்ள வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். மற்றவற்றையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பிறை கீறிய பெட்டியிடம் வந்து நின்றார். வெளிநாட்டில் இதற்கு ஆள் இருக்கிறது என்றார். அவர் சொன்ன விலை, ஒரு தகரப் பெட்டிக்கு மிகையானதுதான். சாமான் விலையன்று அது, கீறலின் விலை. என் மருமகனுக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம். வீண் விரயமில்லாமல் பணமாவது கிடைக்குமே என்பது அவனுடைய வாதம். நான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெயர் எழுதிய பொருள் அமானிதம். உடையவர் யாரென்று தேடாமல் அதை விலைபேச எனக்கு உரிமை உண்டா?

தேடத் தொடங்கியிருக்கிறேன். இரு உலகப் போர்களிலும் மாண்ட காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் ஏடுகளில் பெயர், எண், படை ஆகியவற்றோடு, சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்து நினைவுச் சுவர்களில் கல்லறையற்ற 24,000 பேருக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அவ்வேடுகள் ஆங்கிலத்தில் இருப்பவை. நம் பெயர்களை அக்காலத்து எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியபடி எழுதினர். சேகு, செய்யது, ஷேக் என்று ‘சே’ எத்தனை வடிவெடுத்திருக்கும்! ‘மு’வும் அப்படியே. மேலும், ‘சே. மு.’ போரில் மாண்டிருந்தால்தான் அவ்வேட்டில் இருப்பார். உயிரோடு திரும்பித் தஞ்சோங் பகாரில் கடை வைத்திருந்தால் அங்கே தேடிப் பயனில்லை. அவர் படைவீரராக இல்லாமல், போருக்குப் பின் பட்டாள முகாமில் வேலை பார்த்தவராகவும் இருந்திருக்கலாம்.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தாரிடம் கேட்கிறேன். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, மேலப்பாளையம் முதலிய ஊர்களில், உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ 1940 களில் சிங்கப்பூரிலோ மலாயாவிலோ பட்டாளத்தோடு தொடர்புடையவராக இருந்து, அவருடைய பெயர் ‘சே. மு.’ என்று தொடங்கினால், அவர் கையெழுத்திட்ட பழைய கடிதம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அவர் ‘சே’யின் கொம்பை எழுதும்போது மேலே நீட்டி இழுக்கும் வழக்கமுள்ளவர், கீறலில் அது தெளிவாகத் தெரிகிறது. எண்களில் முதல் இரண்டை நான் இங்கே குறிப்பிடவில்லை. உரியவரிடம் கேட்டு ஒப்பிடுவதற்காக வைத்திருக்கிறேன். பொருந்தினால், இன்ஷா அல்லாஹ், பெட்டியை நானே கொண்டுவந்து தருகிறேன். உம்மாவின் பித்தான்களுள் இரண்டை மட்டும் அதற்குள் விட்டிருக்கிறேன். அவற்றை எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.